ஜெர்மனில கல்யாணம், குழந்தை, விவாகரத்து: ஸ்டாண்டஸ்அம்ட் பேப்பர் வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மனிக்கு வந்த புதுசுல எல்லாரும் விசா, வேலை, வீடு, முகவரியைப் பதிவு பண்ற அன்மெல்டுங்னு ஓடுவாங்க, குடும்பப் பேப்பர் பத்தி யாரும் யோசிக்க மாட்டாங்க. அப்புறம் குழந்தை பிறக்கும், ஆஸ்பத்திரில ஒரு ஃபாரம் குடுப்பாங்க, அப்பா அம்மா ரெண்டு பேரோட பிறப்புச் சான்றிதழும் கல்யாணச் சான்றிதழும் வேணும்பாங்க, அதெல்லாம் ஊர்ல பீரோவுக்குள்ள எந்தத் தட்டுல இருக்குன்னே தெரியாது. இந்த வழிகாட்டி அந்த நிலைமைக்கு முன்னாடி இருக்கறவங்களுக்குத்தான். தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்களை மனசுல வச்சு எழுதறேன், இலங்கைத் தமிழர்களுக்கு மாறற இடத்துல தனியா சொல்றேன்.

முதல்ல ஸ்டாண்டஸ்அம்ட்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். நம்ம ஊர் பதிவாளர் ஆபீஸ் மாதிரி, பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அங்கதான் பதிவாகும். அங்க ஒரு தடவை எழுதினா அதுவே சட்டப்படி ஆதாரம். பிறப்புப் பதிவேட்டை 110 வருஷம், கல்யாணத்தை 80, இறப்பை 30 வருஷம் அவங்களே வச்சிருப்பாங்க, அப்புறம் ஆவணக் காப்பகத்துக்குப் போகும். அதனால அங்க உக்காந்திருக்கறவங்க ஒவ்வொரு எழுத்துக்கும் பேப்பர் கேப்பாங்க. நீங்க நேர்ல நின்னு "இது என் பொண்டாட்டிதாங்க"ன்னு சொன்னா வேலைக்காகாது. கோவப்பட்டும் பிரயோஜனம் இல்லை, தப்பா எழுதிட்டா திருத்தறது அவங்களுக்கும் தலைவலி.

பேரை முதல்ல சரி பண்ணுங்க

என்னைக் கேட்டா மொத்த வேலைல பாதி இதுதான். நம்ம பேர்ல குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான். சிலர் பாஸ்போர்ட்ல சர்நேம் பெட்டி காலியா இருக்கும், சிலருக்கு அப்பா பேர் சர்நேமா இருக்கும், ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இனிஷியல் முன்னாடி, டிகிரில பின்னாடி, கல்யாணச் சான்றிதழ்ல இனிஷியலே இல்லைன்னு இருக்கும். ஊர்ல இதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. இங்க ஃபோர்நாமே (சொந்தப் பேர்), ஃபமிலியன்நாமே (குடும்பப் பேர்)னு ரெண்டு பெட்டி, ரெண்டையும் நிரப்பியாகணும்னு கம்ப்யூட்டர் அடம் பிடிக்கும்.

பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா, ரீஇஷ்யூ பண்ணும்போது பேரை ரெண்டாப் பிரிச்சுப் போட்டுக்கலாம். அதைக் கல்யாணத்துக்கோ குழந்தைக்கோ முன்னாடி முடிச்சிடுங்க, ஏன்னா அப்புறம் மாத்தினா ரெசிடென்ஸ் கார்டு, பேங்க், இன்ஷூரன்ஸ், சம்பளச் சீட்டு, குழந்தையோட பிறப்புப் பதிவுன்னு ஒவ்வொண்ணா மாத்தணும், நடுவுல ஒண்ணு விட்டுப்போனா அதுவே அடுத்த பிரச்சனை. பொண்ணுங்க கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் பேரைச் சேக்கறதும் இதே கதைதான், சேக்கறதுன்னா எல்லாத்துலயும் சேத்துடுங்க, இல்லைன்னா விட்டுடுங்க, பாதில நிறுத்தாதீங்க.

ஊர்ல இருந்து எடுத்துட்டு வர வேண்டியது

பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், ஏற்கனவே விவாகரத்து ஆகியிருந்தா கோர்ட் தீர்ப்பு. இவ்வளவுதான், ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு வில்லங்கம் இருக்கும்.

பழைய பிறப்புச் சான்றிதழ்ல பேர் இருக்காது, 'ஆண் குழந்தை', அப்பா பேர், தேதி அவ்வளவுதான். அதை இங்க கொண்டு வந்தா நீங்கதான் அந்தக் குழந்தைன்னு எப்படி நம்பறதுன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். ஊர்ல நகராட்சிலயோ பஞ்சாயத்துலயோ பேரைச் சேத்து புதுசா வாங்கிக்கோங்க, தமிழும் இங்கிலீஷும் ரெண்டும் இருக்கற மாதிரி. இலங்கைல இருந்து வந்தவங்களுக்குப் போர்ல பதிவேடே போயிருந்தா உத்தேச வயதுச் சான்றிதழ் கிடைக்கும், ஆனா இங்க அதை மட்டும் வச்சு ஒத்துக்குவாங்கன்னு சொல்ல முடியாது, கூடவே ஸ்கூல் பதிவு, அப்பா அம்மா சான்றிதழ்னு கிடைக்கறதை எல்லாம் சேத்து வைங்க.

கல்யாணத்தைப் பதிவு பண்ணணும், கோயில் ரசீதும் ஆல்பமும் ஆதாரம் ஆகாது. தமிழ்நாட்டுல 2009 சட்டத்துக்கு அப்புறம் எந்த மதமா இருந்தாலும் பதிவு கட்டாயம். சுயமரியாதைக் கல்யாணம் பண்ணினவங்க பயப்பட வேண்டாம், இந்து திருமணச் சட்டத்துல 1967ல தமிழ்நாடு கொண்டு வந்த 7ஏ பிரிவுப்படி அது முழுசா செல்லும், பதிவுச் சான்றிதழ் கையில இருந்தாப் போதும்.

மொழிபெயர்ப்பு கோர்ட்ல சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர்தான் பண்ணணும். ஜெர்மன் மாநிலங்களோட நீதித்துறை சேந்து நடத்தற ஆன்லைன் பட்டியல் ஒண்ணு இருக்கு, மொழி போட்டுத் தேடினா தமிழுக்கும் ஆள் கிடைப்பாங்க. ஊர்லயே மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை குத்திட்டு வர்றாங்க சிலர், நிறைய ஆபீஸ்ல அதை எடுக்க மாட்டாங்க, ரெண்டாவது தடவை காசு. இன்னொண்ணு ரொம்ப முக்கியம், சான்றிதழ் தமிழ்ல மட்டும் இருந்தா மொழிபெயர்ப்பாளருக்குப் பாஸ்போர்ட் காப்பியையும் சேத்துக் குடுங்க. இல்லைன்னா ஐஎஸ்ஓங்கற சர்வதேச முறைப்படி தமிழ் எழுத்தை ரோமன் எழுத்தா மாத்தும்போது மேல கீழ புள்ளியும் கோடுமா, சரவணனை சரவணனே அடையாளம் கண்டுபிடிக்க முடியாத எழுத்துல வந்து நிக்கும். பாஸ்போர்ட்ல இருக்கற ஸ்பெல்லிங் அப்படியே வரணும்னு சொல்லுங்க.

அப்போஸ்டில் குழப்பம்

அப்போஸ்டில்னா, ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஏத்துக்கறதுக்காக, சான்றிதழ் குடுத்த நாடே அதுல குத்தற அத்தாட்சி முத்திரை. இது நிறைய பேர் காசு விடற இடம். இந்தியா 2005ல ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேந்துச்சு, ஆனா ஜெர்மனி அதுக்கு ஆட்சேபம் சொல்லிடுச்சு, அதனால ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அந்த ஒப்பந்தம் செல்லாது. இலங்கை அந்த ஒப்பந்தத்துலயே இல்லை. சரி தூதரகத்துல லீகலைசேஷன், அதாவது பேப்பர் உண்மையானதுன்னு தூதரகமே அத்தாட்சி குடுக்கறது, பண்ணலாமேன்னா, இந்தியா, இலங்கை ரெண்டுலயும் ஜெர்மன் தூதரகங்கள் அதை நிறுத்தி வச்சிருக்கு.

அப்ப என்னதான் வழி? ஸ்டாண்டஸ்அம்டோ கோர்ட்டோ சந்தேகம் வந்தா பேப்பரை அங்க இருக்கற ஜெர்மன் தூதரகத்துக்கு அனுப்பும், தூதரகம் ஒரு உள்ளூர் வக்கீலை வச்சு விசாரிக்கும். அவர் பதிவாளர் ஆபீஸ்ல பதிவேட்டைப் பாப்பார், உங்க வீட்டுக்குப் போவார், பக்கத்து வீட்டுல கேப்பார். செலவு சில நூறு யூரோ உங்க தலையில, நேரம் பல மாசம். ஊர்ல அப்பா அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லைன்னா யாரோ தெரியாத ஆள் வந்து மகன் கல்யாணத்தைப் பத்திக் கேட்டா அவங்க பயந்துபோய் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுவாங்க, அதுவே அறிக்கைல ஏறும்.

எல்லாருக்கும் இந்த விசாரணை வராது. சில ஊர்ல பேப்பர் தெளிவா இருந்தா அப்படியே எடுத்துக்குவாங்க, சில ஊர்ல அப்போஸ்டில் இருந்தா திருப்தி ஆயிடுவாங்க. அதனால எதுக்கும் காசு கட்டறதுக்கு முன்னாடி உங்க ஊர் ஸ்டாண்டஸ்அம்டுக்கு ஈமெயில் போட்டு என்னென்ன வேணும்னு எழுத்துல வாங்குங்க. மூனிக்ல நண்பருக்கு நடந்தது ஸ்டுட்கார்ட்ல உங்களுக்கு நடக்காது.

இங்கேயே கல்யாணம் பண்றதுன்னா

ஜெர்மனில ஹம்ம்ங்கற ஊர்ல இருக்கற காமாட்சி அம்பாள் கோயில்ல ஐயர் வச்சு ஜாம் ஜாம்னு தாலி கட்டினாலும் ஜெர்மன் சட்டத்துக்கு அது கல்யாணம் இல்லை. ஸ்டாண்டஸ்அம்ட்ல நடக்கறதுதான் கல்யாணம். 2009ல இருந்து கோயில் சடங்கை முன்னாடியே வச்சுக்கறதுக்குத் தடை இல்லை, சட்டப்படி பலன் மட்டும் இல்லை. இது தெரியாம வருஷக்கணக்கா வாழ்ந்துட்டு, அப்புறம் பென்ஷன், வாரிசுரிமைன்னு வரும்போது கையில ஒண்ணும் இல்லாம நிக்கறவங்க உண்டு, குறிப்பா பொண்ணுங்க.

வெளிநாட்டுக்காரங்க கல்யாணம் பண்ணிக்கத் தடையில்லைன்னு சொந்த நாட்டுச் சான்றிதழ் குடுக்கணும், ஏஹெஃபேஹிக்கைட்ஸ்சொய்க்னிஸ்னு வாய் வலிக்கற பேர். இந்தியா அந்த மாதிரி குடுக்கறதில்லை. அதனால மேல்கோர்ட்டான ஓபர்லாண்டஸ்கெரிஷ்ட் தலைவர்கிட்ட விலக்கு வாங்கணும், நீங்க நேரா போக வேண்டாம், ஸ்டாண்டஸ்அம்டே ஃபைலை அனுப்பும். அதுக்குப் பிறப்புச் சான்றிதழ், மணமாகாதவர் சான்றிதழ், இது தமிழ்நாட்டுல இ-சேவை மூலமா வருவாய்த் துறைகிட்ட வாங்கலாம், கூட அப்பா அம்மா அஃபிடவிட்னு கேப்பாங்க. விலக்கு 6 மாசம்தான் செல்லும், அதுக்குள்ள தாலி இல்ல, கையெழுத்து விழணும். மணமாகாதவர் சான்றிதழும் பழசா இருந்தா எடுக்க மாட்டாங்க, ரொம்ப முன்னாடி வாங்கி வைக்காதீங்க.

பேப்பர் சிக்கல் தாங்க முடியாதவங்க டென்மார்க் போய்ப் பண்ணிக்கறாங்க. அங்க விண்ணப்பம் எல்லாம் ஒரே மத்திய ஆபீஸ் பாக்குது, கேக்கற பேப்பர் கம்மி, அந்தக் கல்யாணம் ஜெர்மனில செல்லும். ஆனா கல்யாணம் செல்றது வேற, ரெசிடென்ஸ் பெர்மிட் கிடைக்கறது வேற. டூரிஸ்ட் விசால வந்து டென்மார்க்ல கட்டிக்கிட்டு இங்கேயே தங்கிடலாம்னு ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க.

என் கருத்து, ரெண்டு பேருமே ஊர்க்காரங்கன்னா ஊர்லயே பண்ணிப் பதிவு பண்ணிட்டு வர்றது எவ்வளவோ நிம்மதி. அந்த ஊர்ச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை ஜெர்மனி ஏத்துக்கும்.

குழந்தை பிறந்தா

ஒரு வாரத்துக்குள்ள பிறப்பை ஸ்டாண்டஸ்அம்டுக்குச் சொல்லணும், ஆஸ்பத்திரில பிறந்தா அவங்களே சொல்லிடுவாங்க. பேர் முடிவு ஆகலைன்னா ஒரு மாசம் டைம் இருக்கு, ஜாதகம் பாத்து எழுத்து வரட்டும்னு அதுக்கு மேல இழுக்காதீங்க.

பேப்பர் எல்லாம் சரியா இருந்தா கெபுர்ட்ஸ்உர்குண்டே, அதாவது பிறப்புச் சான்றிதழ், வந்துடும். கிண்டர்கெல்ட் (குழந்தைக்கு மாசாமாசம் வர்ற உதவித்தொகை), எல்டர்ன்கெல்ட் (குழந்தையைப் பாத்துக்கற அப்பா அம்மாவுக்கு வர்ற உதவித்தொகை), மெடிக்கல் இன்ஷூரன்ஸ் மூணுக்கும் இலவசக் காப்பி குடுப்பாங்க, மத்ததுக்குக் காசு. பல மொழில அச்சடிச்ச சர்வதேசப் பிரதியும் ரெண்டு சேத்து வாங்குங்க, கான்சுலேட்ல மொழிபெயர்ப்பு வேலை மிச்சம்.

பேப்பர் சரியில்லைன்னா ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, பதிவைத் தள்ளி வைப்பாங்க. அப்ப தள்ளி வச்சிருக்கோம்னு ஒரு அத்தாட்சி கேட்டு வாங்குங்க, கேட்டாக் குடுக்கணும். இன்னொண்ணு, அப்பா அம்மாவோட அடையாளம் நிரூபிக்கப்படலைங்கற குறிப்போட பதிவு பண்ணி, சான்றிதழுக்குப் பதிலா பதிவேட்டோட முத்திரை வச்ச நகல் குடுப்பாங்க. அகதியா வந்த இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு இது அடிக்கடி நடக்கற ஒண்ணு. சான்றிதழ்னு பேர் இல்லையேன்னு பதறாதீங்க, கிண்டர்கெல்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அது செல்லும். பின்னாடி பேப்பர் கிடைச்சா குறிப்பை எடுத்துக்கலாம். மாசக்கணக்கா எதுவுமே குடுக்காம இழுத்தா அம்ட்ஸ்கெரிஷ்ட்ங்கற கீழ்க்கோர்ட்ல மனு போட்டு பதிவு பண்ணச் சொல்லி உத்தரவு கேக்கலாம், சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு, நம்ம ஆளுங்கதான் கேக்கறதில்லை.

காசு விஷயத்துல தேதி முக்கியம். கிண்டர்கெல்ட் 2025ல மாசம் 255 யூரோ, பின்னோக்கி 6 மாசத்துக்குத்தான் தருவாங்க. எல்டர்ன்கெல்ட் பின்னோக்கி 3 மாசம்தான். பிறப்புச் சான்றிதழ் வரலைன்னாலும் விண்ணப்பத்தைப் போட்டுடுங்க, சான்றிதழை அப்புறம் சேக்கலாம். குழந்தைக்கு ரெசிடென்ஸ் பெர்மிட் பிறந்த 6 மாசத்துக்குள்ள கேக்கணும், அதுக்குப் பாஸ்போர்ட் வேணும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேணும், சங்கிலி மாதிரி ஒண்ணை இழுத்தா ஒண்ணு வரும்.

குழந்தை பேர்ல ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கு. 2025 மே 1ல இருந்து பேருக்கு, குடியுரிமை எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டம் இல்லை, வாழற நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். அதாவது நீங்க ரெண்டு பேரும் இந்தியர்னாலும் இங்க வாழற குழந்தைக்கு ஜெர்மன் பேர்ச் சட்டம், உங்க குடும்பப் பேர்ல ஒண்ணோ ரெண்டும் சேத்தோ குழந்தைக்கு வரும். அப்பாவோட சொந்தப் பேரைக் குழந்தைக்குப் பின்னால போடற நம்ம வழக்கம் வேணும்னா, இந்தியச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கறோம்னு ஸ்டாண்டஸ்அம்ட்ல சொல்லணும், அதுக்கு வழி வச்சிருக்காங்க. சும்மா இருந்தா அவங்க சட்டப்படி எழுதிடுவாங்க. ஆஸ்பத்திரி ஃபாரத்துல அவசரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வீட்ல பேசி முடிவு பண்ணுங்க.

குடியுரிமை: 2024 ஜூன் 27ல இருந்து, அப்பா அம்மால ஒருத்தர் 5 வருஷம் சட்டப்படி இங்க வாழ்ந்து, காலக்கெடு இல்லாத பெர்மிட்டும் வச்சிருந்தா குழந்தை பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன். படிச்ச வேலைக்காரங்களுக்குக் குடுக்கற ப்ளூ கார்டு மட்டும் போதாது, நீடர்லாஸுங்ஸ்எர்லௌப்னிஸ்ங்கற நிரந்தரப் பெர்மிட் கையில இருக்கணும், பிறப்புக்கு முந்தின நாள் கிடைச்சாலும் சரி, மறுநாள் கிடைச்சா போச்சு. டெலிவரி தேதி தெரிஞ்சதும் பெர்மிட் விண்ணப்பத்தைத் துரத்துங்க.

அந்த அமைப்பு இல்லைன்னா இந்தியக் குடியுரிமைக்கு ஒரு வருஷத்துக்குள்ள கான்சுலேட்ல பிறப்பைப் பதிவு பண்ணணும், தாண்டினா மத்திய அரசு அனுமதி வேணும். இலங்கைக்கும் ஒரு வருஷம்தான் கணக்கு. இந்தியப் பதிவுல குழந்தைகிட்ட வேற நாட்டுப் பாஸ்போர்ட் இல்லைன்னு எழுதிக் குடுக்கணும், அதனால ரெண்டு பாஸ்போர்ட்டும் எடுத்து வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்தா இந்தியாவுக்கு ஓசிஐ, அதாவது இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரங்களுக்கான கார்டுதான்.

கல்யாணம் ஆகாம குழந்தைன்னா, இல்லை கல்யாணம் ஆகியும் அதை நிரூபிக்கப் பேப்பர் இல்லைன்னா, யூகெண்ட்அம்ட்ங்கற குழந்தைகள் நல ஆபீஸ் போய் அப்பா தன் குழந்தைன்னு அறிக்கை குடுக்கணும், அம்மா சம்மதிக்கணும். இலவசம், பிரசவத்துக்கு முன்னாடியே பண்ணலாம். அங்கேயே ரெண்டு பேருக்கும் பொறுப்புன்னு கூட்டு அறிக்கையும் குடுத்துடுங்க, இல்லைன்னா சட்டப்படி முடிவெடுக்கற உரிமை அம்மாவுக்கு மட்டும்தான்.

பிரிவும் விவாகரத்தும்

இதைப் பத்தி நம்ம ஆளுங்க வெளிப்படையாப் பேசறதில்லை, அதனாலயே தப்பான தகவல் நிறைய. ரெண்டு பேரும் இங்க வாழ்ந்தா, ஊர்ல கட்டின கல்யாணத்தையும் ஜெர்மன் கோர்ட் ஜெர்மன் சட்டப்படி ரத்து பண்ண முடியும். யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் பிரிஞ்சு வாழ்ந்திருக்கணும், ஒரே வீட்டுக்குள்ள சமையல், படுக்கை எல்லாம் தனித்தனியா இருந்தாலும் பிரிவுதான். ஒருத்தர் ஒத்துக்கலைன்னாலும் 3 வருஷம் பிரிஞ்சிருந்தா கல்யாணம் முறிஞ்சிடுச்சுன்னு சட்டமே எடுத்துக்கும். பிரிஞ்ச தேதியை ஒரு ஈமெயில்லயாவது எழுதி அனுப்பி வைங்க, பின்னாடி அந்தத் தேதிக்குத்தான் சண்டை வரும்.

மனு போடறவங்களுக்கு வக்கீல் கட்டாயம், எதிர்த்தரப்பு சும்மா சம்மதம் சொல்றதுன்னா வக்கீல் இல்லாமலே சொல்லலாம். செலவு ரெண்டு பேரோட மூணு மாச நிகர வருமானத்தை அடிப்படையா வச்சுக் கணக்காகும். வருமானம் இல்லாதவங்க கோர்ட்ல செலவு உதவி கேக்கலாம். பென்ஷன் புள்ளிகளையும் ரெண்டா பங்கு பிரிப்பாங்க, 3 வருஷத்துக்குள்ள முடிஞ்ச கல்யாணம்னா கேட்டாத்தான் பிரிப்பாங்க.

டிபெண்டன்ட் விசால வந்த பொண்ணுங்களுக்கு ஒரு வார்த்தை. "என்னை விட்டுப் போனா உன்னை நாடு கடத்திடுவாங்க"ன்னு மிரட்டறது ரொம்ப சகஜம். கல்யாண வாழ்க்கை இங்க 3 வருஷம் நடந்திருந்தா, புருஷனோட பெர்மிட்டும் ஒழுங்கா இருந்தா, உங்களுக்குத் தனிப் பெர்மிட் கேக்க உரிமை இருக்கு. அடி, கொடுமை இருந்தா அந்த 3 வருஷமும் தேவையில்லை, கடுமையான சூழ்நிலைன்னு விலக்கு உண்டு. 116016ங்கற நம்பர் இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, மொழிபெயர்ப்பாளரை லைன்ல சேத்துக்குவாங்க. போலீஸ் 110. பாஸ்போர்ட், பெர்மிட், கல்யாணச் சான்றிதழ் மூணையும் ஃபோட்டோ எடுத்து உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஈமெயில்ல வைங்க.

தீர்ப்பு வந்ததும் 'இறுதியானது'ங்கற முத்திரை, ரெஷ்ட்ஸ்க்ராஃப்ட்ஃபெர்மெர்க், அது இருக்கற பிரதியைத்தான் வாங்கணும், அது இல்லாத தீர்ப்பு வச்சு எங்கயும் ஒண்ணும் நடக்காது. இந்தியாவுல அது செல்லுமாங்கறது தனி விஷயம். 1991ல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, வெளிநாட்டு விவாகரத்து செல்லணும்னா நீங்க கட்டின கல்யாணச் சட்டத்துல இருக்கற காரணம் இருக்கணும், இல்லைன்னா ரெண்டு பேருமே மனசார அந்தக் கோர்ட்டுக்கு ஒத்துக்கிட்டிருக்கணும். ஒருத்தர் கோர்ட் பக்கமே வராம வாங்கின தீர்ப்புன்னா ஊர்ல சொத்து, மறுமணம்னு வரும்போது கேள்வி கிளம்பும், அங்கயும் ஒரு வக்கீலைக் கேட்டுக்கோங்க.

திருப்பிப் பாத்தா, ஊர்ல வாங்கின விவாகரத்து இங்க தானா செல்லாது, மாநில நீதித்துறைகிட்ட அங்கீகாரம் வாங்கணும், கட்டணம் 15ல இருந்து 305 யூரோ வரை. கணவன் மனைவி ரெண்டு பேருமே அந்தச் சமயத்துல இந்தியக் குடிமக்கள், தீர்ப்பும் இந்தியக் கோர்ட்னா இந்த அங்கீகாரம் தேவையில்லை. பஞ்சாயத்துல எழுதி வாங்கின விடுதலைப் பத்திரம் எல்லாம் இங்க காட்டவே காட்டாதீங்க.

இறப்பு, அப்புறம் குடியுரிமை வாங்கினவங்களுக்கு

இறப்பை அடுத்த மூணாவது வேலை நாளுக்குள்ள ஸ்டாண்டஸ்அம்ட்ல சொல்லணும், அடக்கம் பண்ற நிறுவனமே அதைப் பாத்துக்கும். ஆனா அவங்க உங்ககிட்ட கேக்கறது போனவரோட பிறப்புச் சான்றிதழும் கல்யாணச் சான்றிதழும்தான், துக்க வீட்ல அதைத் தேடற கொடுமை வேண்டாம், இருக்கற இடம் வீட்ல இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும். உடலை ஊருக்கு அனுப்பறதா இருந்தா உடலைக் கொண்டுபோக அனுமதி குடுக்கற லைஷன்பாஸ் பத்தியும் அதே நிறுவனத்துகிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, கான்சுலேட்டோட தடையில்லாச் சான்றிதழுக்கும் சேத்து.

ஜெர்மன் குடியுரிமை வாங்கினவங்களுக்கு ரெண்டு நல்ல வாய்ப்பு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியறதில்லை. பேர் எந்தப் பெட்டில எதுன்னு ஸ்டாண்டஸ்அம்ட்ல அறிக்கை குடுத்து நிரந்தரமா சரி பண்ணிக்கலாம், ஆங்க்லைஷுங்ஸ்எர்க்ளேருங்னு கேளுங்க, ஆனா ஒரு தடவைதான், மாத்த முடியாது. ரெண்டாவது, ஊர்ல நடந்த உங்க கல்யாணத்தையும் பிறப்பையும் இங்கத்திப் பதிவேட்டுல ஏத்தச் சொல்லலாம், நாஹ்பெஉர்குண்டுங்னு பேர், அகதி அந்தஸ்து உள்ளவங்களும் கேக்கலாம். அது முடிஞ்சா ஜெர்மன் சான்றிதழே கையில வந்துடும். அடுத்த குழந்தைக்கோ பென்ஷனுக்கோ ஊர்ச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் மறுபடி தூக்கிட்டு அலைய வேண்டியதில்லை.